அம்மையார் கூந்தலுக்கு வேர் தேடித் தோண்டினேன். உங்களுக்கும் இப்படி நடந்ததா?

வேலிக்காரி (கன்னங்குறிச்சி)

எது என்று விளக்க வேண்டாம், இங்கே பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். செடிமேல் சுற்றிப் படர்கிற அந்த மஞ்சள் நூல் கொடிதான். எங்கள் வீட்டு டுராண்டா வேலியில் ஐப்பசி மழை விட்டதும் வந்தது. முதல் நாள், பக்கத்து வீட்டுப் பொடிசுகள் நூடுல்ஸை வீசியிருக்கிறார்கள் என்றே நினைத்தேன். மாமியார்தான் "அம்மையார் கூந்தல் அது, விட்டுடாதே" என்றார்.

சரி, எந்தக் கொடியானாலும் வேரை அறுத்தால் செத்துத்தானே ஆகணும்? ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு உட்கார்ந்துவிட்டேன். ஒரு நூலைப் பிடித்து விரலால் தடவிக்கொண்டே கீழே வந்தால் அது இன்னொரு நூலோடு போய்ச் சேர்ந்தது. அந்த இன்னொன்று டுராண்டா கிளையில் முடிந்தது. இப்படியே முக்கால் மணி நேரம். தோண்டத் தோண்ட வந்ததெல்லாம் டுராண்டா வேர். கடைசியில் ஒரே ஒரு நூல் மண்ணைப் பார்த்துத் தொங்கியது. அப்பாடா என்று குனிந்தால், தரைக்கு நாலு விரற்கடை மேலேயே அதன் நுனி காய்ந்துபோய், தைத்து முடித்துக் கத்தரித்த நூல் மாதிரி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. கீழே ஒன்றுமே இல்லை.

அந்த நுனி இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. இருபதடி வேலியைச் சுருட்டி வைத்திருக்கிறது, தரையில் கால் இல்லை. எதைத் தின்று வாழ்கிறது?

பால்காரன் மகன் (ஓமலூர் பக்கம்)

அக்கா, உங்களுக்கு வேலி, எங்களுக்குக் குதிரை மசால். மாட்டுக்காக அரை ஏக்கர் போட்டோம். விதை ஒரு கடையில் விலை குறைவாகக் கிடைத்தது, வாங்கினோம். முதல் அறுப்புக்கு 75 நாள் ஆகும். அதற்கு முன்னாலேயே நடுப் பாத்தியில் ஒரு முறம் அகலத்துக்கு மஞ்சள் தட்டியது. தண்ணீர் பற்றவில்லை போல என்று அப்பா மடை திருப்பிவிட்டார். அடுத்த வாரம் கட்டில் அகலம். அப்பா இறங்கி நின்று ஒரு பிடி பிடித்துத் தூக்கினார் பாருங்கள், பாயைத் தூக்குகிற மாதிரி பயிரும் நூலும் ஒன்றாக எழுந்து வந்தது. எது நாம் விதைத்தது, எது தானாக வந்தது என்றே தெரியவில்லை. அவர் கையை விடவும் இல்லை, இழுக்கவும் இல்லை. அப்படியே நின்றார்.

விதையிலேயே கலந்து வந்திருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. 10 லிட்டர் தண்ணீரில் 200 கிராம் உப்பைக் கரைத்து விதையைக் கொட்டினால் இந்தச் சனியனின் விதை மிதக்குமாம். அரித்து எடுத்துவிட்டு, நல்ல தண்ணீரில் கழுவி விதைக்கணும். அவ்வளவுதான் வேலை. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இதில் கூத்து என்னவென்றால், அறுத்ததை வீணாக்காமல் மாட்டுக்கே போட்டோம். சாணியை எருவாக்கிக் கத்தரிக்குப் போட்டோம். அதன் விதை மாட்டு வயிற்றில் சாகாது. மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

முப்பது வருஷ ஏற்காடு

வேலிக்காரி அம்மா பார்த்தது அம்மையார் கூந்தலே இல்லை. அது கொத்தான், அதே மாதிரி செடிமேல் படர்கிற வேறொரு கொடி. நான் மஞ்சக்குட்டை போகிற வழியில் உண்ணிச்செடிப் புதர் மேல் பார்த்திருக்கிறேன். பஸ் நின்றபோது ஒரு பள்ளிக்கூடப் பெண் இறங்கி, ஒரு கொத்துப் பறித்துச் சவுரி மாதிரி ஜடையில் செருகிப் பார்த்தாள். கண்டக்டர் விசில் அடித்ததும் அதைப் பக்கத்துச் செடிமேல் போட்டுவிட்டு ஓடிவந்தாள். என் கதை அவ்வளவே.

ஆனால் பெயர் விஷயத்தை இப்படியே விட முடியாது. இரண்டையும் போட்டுக் குழப்புவது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. கொத்தான் லவங்கப்பட்டை மரத்தின் குடும்பம். அம்மையார் கூந்தல் சர்க்கரைவள்ளிக் கிழங்கின் குடும்பம். அண்ணன் தம்பி இல்லை, ஒன்றுவிட்ட உறவுகூட இல்லை. ஒரே திருட்டுத் தொழிலைத் தனித்தனியாகக் கற்றுக்கொண்ட இரண்டு பேர். கொத்தானின் காய் சதைப்பற்றாக, பாசிமணி போல உருண்டையாக இருக்கும், உள்ளே ஒரே விதை. மற்றதற்குக் காய்ந்த சின்ன உறை, அதில் நாலு விதை வரை இருக்கும். கொத்தானில் பச்சை கூடுதல், தண்டும் கொஞ்சம் முரடு. நாட்டு மருந்துக்கு என்று ஒன்றைக் கேட்டு இன்னொன்றை வாங்கிவருகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். தெரியாமல் எழுதுகிறவர்கள் முதலில் காயைப் பார்த்துவிட்டு எழுதவும்.

வேலிக்காரி

சார், நான் காயைப் பார்க்கவில்லை, வேரைத்தான் பார்த்தேன். இல்லாத வேரை. நிறம் சுத்த மஞ்சள், முரடாகவும் இல்லை, பிடித்தால் நசுங்கியது.

தாவரவியல் டீச்சர்

நசுங்குகிற மஞ்சள் என்றால் அம்மையார் கூந்தல் பக்கம்தான் நான் கை தூக்குவேன். ஏற்காடு ஐயா கோபிக்க வேண்டாம், காய் பற்றி நீங்கள் சொன்னது சரி.

என்னை விடாமல் துரத்துவது கல்லூரி நாள் சமாச்சாரம். சேலத்தில் இளங்கலை படித்தபோது பிராக்டிகலில் இதைத்தான் கொடுத்தார்கள். நூல் சுற்றிய தண்டைக் கேரட் துண்டுக்கு நடுவே வைத்துப் பிளேடால் சீவி, சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்து ரெக்கார்டு நோட்டில் வரையணும். வரைந்தேன். இந்தப் பக்கம் கொடி, அந்தப் பக்கம் செடி. நடுவில் எல்லைக்கோடு எங்கே போடுவது? கொடியிலிருந்து ஆப்பு மாதிரி ஒன்று செடிக்குள் இறங்கியிருக்கிறது, அதற்கு உறிஞ்சு உறுப்பு என்று பெயர். அதன் முனையிலிருந்து ஒற்றை ஒற்றைச் செல்கள் நீண்டு, செடியின் செல்களுக்கு நடுவே தேடிக்கொண்டே போகின்றன. மூன்று முறை கோடு போட்டேன், மூன்று முறை அழித்தேன். தாள் கிழிந்துவிட்டது. வாத்தியார் வந்து பார்த்து, "அங்கேதாம்மா விஷயமே" என்றார், நகர்ந்துவிட்டார்.

வேலிக்காரி கேட்டதற்கு வருகிறேன். விதை முளைக்கும்போது அதற்கு வித்திலை, அதாவது விதையிலிருந்து வருகிற முதல் இலை, கிடையாது. வேர் என்று பேருக்கு ஒரு குட்டித் தடிப்பு இருக்கும். நூல் மட்டும் நீண்டு, வட்டம் போட்டுத் தேடும். சில நாட்களுக்குள் ஒரு தண்டு அகப்படாவிட்டால் கதை முடிந்தது. குருட்டாம்போக்கிலும் தேடுவதில்லை. 2006இல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். அம்மையார் கூந்தல் இனம் ஒன்றின் முளை, தக்காளிச் செடியின் வாசனை வரும் பக்கமாகவே சாய்ந்து வளர்ந்தது. தக்காளியையும் கோதுமையையும் எதிரெதிரே வைத்தால் தக்காளியைத் தேர்ந்தெடுத்தது. வீட்டுக்கு வருகிற விருந்தாளி சமையலறையை மோப்பம் பிடிப்பதுபோலத்தான்!

அகப்பட்டதும் சுற்றிக்கொள்கிறது. உரசுகிற பக்கம் தடித்து, பசை போல ஒட்டி, அதன் நடுவிலிருந்து ஆப்பு இறங்குகிறது. செல் சுவரை இளக்குகிற நொதிகளும் கூட வேலை செய்கின்றன. செடிக்குள் இரண்டு வகைக் குழாய் உண்டல்லவா? வேரிலிருந்து தண்ணீரும் உப்புகளும் ஏறுகிற சைலம், இலையில் சமைத்த சர்க்கரை போகிற ஃபுளோயம். தேடிப்போன செல்களில் சில சைலத்தோடு ஒட்டித் தாங்களே குழாயாக மாறுகின்றன. சில ஃபுளோயத்தை விரல்களால் பற்றினமாதிரி அணைத்து, சர்க்கரையையும் அமினோ அமிலங்களையும் இழுக்கின்றன. தண்ணீர், உப்பு, சாப்பாடு மூன்றும் ஒரே இடத்தில். அப்புறம் வேர் எதற்கு? அடிப்பாகம் காய்ந்து அறுந்துவிடுகிறது. நீங்கள் பார்த்த நுனி அதாக இருக்கலாம், இல்லை, யாரோ போட்ட துண்டின் வாலாக இருக்கலாம். துண்டும் தளிர்த்துவிடும்.

போவது சாப்பாடு மட்டுமில்லை. 2014இல் வந்த ஓர் ஆய்வில், மரபணுச் செய்தியைச் சுமக்கிற ஆர்.என்.ஏ. மூலக்கூறுகள், செடியுடையது கொடிக்கும் கொடியுடையது செடிக்குமாக ஆயிரக்கணக்கில் போய்வருவதைக் கண்டார்கள். ஒரு செடியின் வைரஸையும் இந்த நூல் அடுத்த செடிக்குக் கடத்திவிடும். என் கோடு ஏன் நிற்கவில்லை என்பது அதைப் படித்தபோதுதான் புரிந்தது.

அனுபவஸ்தன் (அஸ்தம்பட்டி)

எங்கள் காகிதப்பூச் செடியிலும் வந்தது, எடுத்தேன், போய்விட்டது. எல்லோருக்கும் பயன்படட்டும் என்று சொல்கிறேன். நூலை மட்டும் உருவாதீர்கள். ஆப்பு உள்ளேயே நின்று மறுபடி துளிர்க்கும். நூல் சுற்றிய இடத்துக்கு ஒரு சாண் கீழே கிளையோடு வெட்டுங்கள். பூக்கும் முன்னே வெட்டுங்கள், விதை விழுந்துவிட்டால் பத்து வருஷத்துக்கு மேலும் மண்ணில் உயிரோடு கிடக்கும். வெட்டியதைச் சாக்கில் கட்டி, காயவைத்துக் கொளுத்துங்கள். காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் எறியவே கூடாது. குப்பை உரக்குழியிலும் வேண்டாம். அரிவாளைத் துடைத்துவிட்டு அடுத்த செடியைத் தொடுங்கள். வயல்காரர்கள் ஒரு போகம் இரண்டு போகம் சோளமோ ராகியோ போடலாம், புல் வகைப் பயிரில் இது பொதுவாகப் பிழைக்காது. கையோடு உங்கள் மாமரத்தையும் பாருங்கள், புல்லுருவி இருக்கும். அது வேறு கதை. அதற்குப் பச்சை இலை உண்டு, சமையலை அதுவே செய்துகொள்ளும், மரத்திடம் முக்கியமாகத் தண்ணீரையும் உப்பையும்தான் திருடும். பழத்தைத் தின்கிற குருவி, பசையான விதையைக் கிளையில் தேய்த்துவிட்டுப் போகும். அதையும் கிளையோடுதான் வெட்டணும். எங்கள் பெரியப்பா தோப்பில் பாதி மரம் அப்படித்தான்...

பால்காரன் மகன்

சார், நான் கதை சொன்னேன், மருந்து கேட்கவில்லை. குதிரை மசாலைக் கிளையோடு எப்படி வெட்டுவது? அந்தப் பாத்தியை மண் தெரிய அறுத்து, அங்கேயே வைக்கோல் போட்டுக் கொளுத்தினோம். இப்போது அதில் சோளம்தான் நிற்கிறது. அது மட்டும் நீங்கள் சொன்னது சரிங்க.

முப்பது வருஷ ஏற்காடு

டீச்சரம்மா, ஆர்.என்.ஏ. எல்லாம் சரி. இருந்தாலும் காயைப் பார்க்காமல் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வேலிக்காரி

ஏற்காடு சாருக்காகவே இன்று போய்ப் பார்த்தேன். காய் இன்னும் பிடிக்கவில்லை, பூ இருக்கிறது. வெள்ளை, குட்டி மணி மாதிரி, கிட்டே போனால் லேசான வாசனை. கேலிக்காகச் சொல்லவில்லை, அழகாகத்தான் இருந்தது. ஒரு சுற்றை நகத்தால் பிரித்தேன். உள்பக்கம் வரிசையாகக் குட்டிக் குட்டி மேடுகள், சீப்புப் பல்லை மழுக்கிவிட்ட மாதிரி. எடுத்த இடத்தில் தண்டில் புள்ளி புள்ளியாகக் குழி.

எங்கே பார்த்தேன் என்று சொல்லவில்லையே. எங்கள் வேலியில் இல்லை, டுராண்டாவை அடியோடு வெட்டியாகிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை வேர் கிடைக்காத ஆத்திரத்தில் இரண்டு கூடை உருவி, சுவருக்கு அந்தப் பக்கம் காலி மனையில் எறிந்துவிட்டேன். அனுபவஸ்தன் சார் எழுதியதைப் படித்த பிறகுதான் எட்டிப் பார்க்கவே தைரியம் வந்தது. அங்கே ஓர் இலந்தை நிற்கிறது. அதன் உச்சி முழுக்க மஞ்சள்.

மனையின் பலகையில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டு, "உங்கள் மனையில் ஒரு கொடி பரவியிருக்கிறது, வெட்டிக்கொள்ளட்டுமா?" என்று கேட்டேன். யார் போட்டது என்று நான் சொல்லவில்லை. "எங்க மனையில செடிகூட முளைச்சிருக்குதுங்களா?" என்று அவர் சந்தோஷப்பட்டார். நாளைக்கு அரிவாளோடு போகிறேன்.