வானத்திலிருந்து எடுத்த படத்தில் நீங்கள் பார்த்து மறக்க முடியாதது எது?

சதுப்போரம்:
கூகுள் எர்த்தில் பழைய படங்களுக்குப் போகும் பட்டையை நாம் எல்லோருமே இழுத்துப் பார்த்தவர்கள்தான். நான் சென்னை பள்ளிக்கரணையில் வைத்து இழுத்தேன். அறுபதுகளில் 5000 ஹெக்டேருக்கு மேல் இருந்த சதுப்பு, 2022-ல் ராம்சர் என்கிற உலக ஈரநிலப் பட்டியலில் ஏறியது சுமார் 1250 ஹெக்டேர் என்பதெல்லாம் பேப்பரில் படித்ததுதான். ஆனால் இரண்டாயிரத்தின் தொடக்கத்துக்குப் போனதும் எங்கள் அபார்ட்மென்ட் காணாமல் போனது, அப்புறம் ரோடும் போனது. கருத்த தண்ணீருக்கு நடுவே, நான் வீட்டுக்குக் குத்தி வைத்திருந்த மஞ்சள் பின் மட்டும் நின்றது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தளத்திலிருந்து பீரோவை மாடிக்கு ஏற்றிய அப்பா பின்னால் நின்று பார்த்தார். "பத்திரத்துல புன்செய்னுதானே போட்டிருந்தான்" என்றார். அவ்வளவுதான். விற்றவனைத் திட்டக்கூட இல்லை.

கொள்ளிடக்கரை:
ஆற்றில் மணல் அள்ளும் விவகாரம். விளக்க வேண்டியதில்லை. மனுவோடு இரண்டு வெவ்வேறு வருடத்துப் படங்களைக் கலர் பிரிண்ட் போட்டு எடுத்துப் போனோம். அரை மீட்டர் துல்லியம் என்பதால் லாரி, பொக்லைன் எல்லாம் தனித்தனியாகத் தெரியும். ஆற்றுக்குள் போட்ட தற்காலிகப் பாதையில் வண்டிகள் வரிசைகட்டி நின்றன, நிழல் எல்லாம் ஒரே பக்கம் விழுந்திருந்தது. அதிகாரி, "கோடையில எடுத்தா மணல்தான் தெரியும்" என்றார். இரண்டுமே ஏப்ரல் படம், தேதி அடியில் இருக்கிறது என்று காட்டினேன். லாரிகள் இருந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து மூடிக்கொண்டு, மிச்சப் படத்தை நிதானமாகப் பார்த்தார். அந்த விரலை எடுக்கச் சொல்ல எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை.

பிக்சல்மணி:
முதல் பதிவு போட்டவருக்கு. கறுப்பாகத் தெரிவதெல்லாம் தண்ணீர் இல்லை. ஈர மண்ணும் கறுப்பு, மேக நிழலும் கறுப்பு. அதை உறுதிசெய்ய அகச்சிவப்பில், அதாவது கண்ணுக்குத் தெரியாத ஒளியில் எடுத்த படம் வேண்டும். தண்ணீர் அந்த ஒளியை விழுங்கிவிடும், இலைகள் திருப்பி அனுப்பும். ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2 படங்கள் இலவசம், ஐந்து நாளுக்கு ஒருமுறை கிடைக்கும். ஆனால் படத்தில் ஒரு கட்டம், அதாவது ஒரு பிக்சல், தரையில் 10 மீட்டர், ஒரு கிரவுண்டு மனை இரண்டே கட்டத்தில் முடிந்துவிடும். வீட்டு எல்லைத் தகராறுக்கு அதைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். 2015-க்கு முன்னால் வேண்டுமானால் அமெரிக்காவின் லேண்ட்சாட். 1972 முதல் இருக்கிறது, 2008 முதல் காசில்லாமல் தருகிறார்கள். நம் ஊரில் நவம்பர் படத்தைத் தேடாதீர்கள், மேகம்தான் இருக்கும். ஜனவரி, பிப்ரவரி பாருங்கள், ஏரி நிரம்பியிருக்கும், வானமும் தெளிந்திருக்கும். மழைக்காலமே வேண்டுமென்றால் சென்டினல்-1. அது ரேடார், மேகத்தைத் தாண்டி வரும். இன்னொன்று, செயற்கைக்கோள் சாய்வாகப் பார்த்து எடுத்த படத்தில் உயரமான கட்டடம் ஒரு பக்கம் சாய்ந்து தெரியும், எல்லையும் சில மீட்டர் நகரும்.

கொள்ளிடத்துக்காரருக்கும் ஒன்று. ஒற்றைப் படத்தை வைத்துப் பள்ளத்தின் ஆழத்தைச் சொல்ல முடியாது. ஒரே இடத்தை இரண்டு கோணத்தில் எடுத்த ஜோடிப் படம் வேண்டும். 2005-ல் விண்ணுக்குப் போன நம் நாட்டுச் செயற்கைக்கோள் கார்ட்டோசாட்-1 இரண்டு கேமராவோடு போனது அதற்காகத்தான்.

என் அனுபவம்: டெல்டாவில் வெள்ளப் பரப்பு பார்க்க உட்கார்ந்தேன், திரை முழுக்க வெள்ளை மேகம்.

சதுப்போரம்:
மணி சார், அது நிழல் இல்லை. எங்கள் தெருமுனை டீக்கடைக்காரர் அங்கே விரால் பிடித்தவர். அகச்சிவப்பில் விரால் தெரியுமா?

தென்னந்தோப்பு:
பேராவூரணிப் பக்கம். கஜா புயல் வந்தபோது, 2018 நவம்பரில், நான் துபாயில். உயரத்திலிருந்து தென்னை எப்படித் தெரியும் என்று உங்களுக்கே தெரியும், நட்சத்திரம் நட்சத்திரமாக. அடுத்து வந்த படத்தில் நட்சத்திரமே இல்லை, வெறும் கோடுகள், எல்லாம் ஒரே திசையைப் பார்த்துப் படுத்திருந்தன. அப்பா தோப்புக்குப் போகவே மாட்டேன் என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். மரத்துக்கு அப்புறப்படுத்தும் கூலியும் சேர்த்து 1100 ரூபாய் நிவாரணம் என்று கணக்குக் கேட்டார்கள். நான் பழைய படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொன்றாக எண்ணி அம்மாவிடம் போனில் சொன்னேன். நடுவில் அம்மா நிறுத்தினாள். "கிணத்தடியில ஒண்ணு நிக்கிதுப்பா, அதை எண்ணாத."

முதுகுளத்தூரான்:
மணி சொன்ன இலைக் கணக்கில் எங்கள் ஊர் ராமநாதபுரத்திலேயே செழிப்பானது! ஆய்வுக்கு வந்த ஒரு தம்பி லேப்டாப்பைத் திறந்து, மே மாதத்திலும் எங்கள் கண்மாய் பச்சைப்பசேல் என்று இருப்பதைக் காட்டி, "பசுமை வருஷா வருஷம் கூடியிருக்குங்கய்யா" என்றார். கூடத்தான் செய்தது. அத்தனையும் சீமைக் கருவேலம். சித்தப்பா படத்தைப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள மடை எங்க இருக்குன்னு காட்டு தம்பி" என்றார். அந்தத் தம்பி ரொம்ப நேரம் தேடினார். மடை மேல் முள் மூடி எத்தனையோ வருடம் ஆயிற்று. தூர்வார ஆள் அனுப்பினால் வழி காட்டுகிறோம்.