ஜியோஹாஷ்: அருகருகே உள்ள இடங்களுக்கு முற்றிலும் வேறான சரங்கள் வருவது ஏன்?

கேள்வி:
அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை ஒன்பது எழுத்து ஜியோஹாஷ் சரமாக (எழுத்துகளும் இலக்கங்களும் கலந்த இடக்குறியீடாக) மாற்றித் தரவுத்தளத்தில் சேமிக்கிறேன். சரத்தை மீண்டும் எண்களாக்கினால் ஐந்தாம் தசம இலக்கம் மாறிவிடுகிறது. மேலும், முதல் ஐந்து எழுத்துகள் ஒத்திருப்பவற்றை மட்டும் தேடி எடுக்கும்போது, சில நூறு மீட்டர் தொலைவிலேயே உள்ள இடங்கள்கூட விடுபடுகின்றன. இது என் நிரலின் பிழையா, முறையின் இயல்பா?

மறுமொழி 1:
இரண்டுமே முறையின் இயல்புதான். 2008இல் குஸ்தாவோ நீமேயர் வெளியிட்ட இந்த முறை, உலகத்தை முதலில் தீர்க்கரேகை வழியாகவும், அடுத்து அட்சரேகை வழியாகவும் மாறி மாறி இரண்டாகப் பிரித்துக்கொண்டே போய், புள்ளி எந்தப் பாதியில் விழுகிறது என்பதை ஒவ்வொரு முறையும் 0 அல்லது 1 எனக் குறித்து, ஐந்து பிட்டுகளுக்கு ஓர் எழுத்தாகத் தருகிறது. எனவே சரம் குறிப்பது ஒரு புள்ளியை அன்று, ஒரு கட்டத்தை. நிலநடுக்கோட்டருகே ஐந்து எழுத்துக் கட்டத்தின் பக்கம் ஏறத்தாழ 4.9 கி.மீ.; ஒன்பது எழுத்துக் கட்டத்தின் பக்கம் ஏறத்தாழ 4.8 மீட்டர். திரும்பக் கிடைப்பது அக்கட்டத்தின் மையமே.

விடுபடும் இடங்களுக்குக் காரணம் எல்லைக்கோடுகள். கிரீன்விச்சில் முதன்மைத் தீர்க்கரேகைக்கு மேற்கே நிற்பவரின் சரம் ‘ஜி’ என்றும், ஓரடி கிழக்கே நிற்பவரின் சரம் ‘யு’ என்றும் தொடங்கும். ஏனெனில் அங்கே முதல் பிட்டே மாறிவிடுகிறது. முன்னொட்டு (சரத்தின் தொடக்க எழுத்துகள்) ஒத்திருந்தால் இடங்கள் ஒரே கட்டத்தில் உள்ளன என்பது உறுதி. ஒத்திராவிட்டால் அவை தொலைவில் உள்ளன என்று கொள்ளவே கூடாது. ஆகவே நடுக்கட்டத்தையும் அதைச் சூழ்ந்த எட்டுக் கட்டங்களையும் சேர்த்துத் தேடி, கிடைத்தவற்றுக்கு உண்மையான தொலைவைக் கணக்கிட்டு வடிகட்டுங்கள்.

மறுமொழி 2:
ஒன்பது கட்டங்களும் போதாத நிலை ஒன்று உண்டு. துருவங்களை நோக்கிச் செல்லச் செல்லக் கட்டத்தின் கிழக்கு மேற்கு அகலம் குறுகி, 60 பாகை அட்சரேகையில் பாதியாகிவிடும். தேடும் ஆரம் அந்த அகலத்தைவிடப் பெரிதானால் ஓர் எழுத்தைக் குறைத்துத் தேட வேண்டும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. கூகுளின் இடக்குறியீட்டு முறையான பிளஸ் கோடுக்கு மாறினால் எல்லைச் சிக்கல் தீருமா?

மறுமொழி 1:
தீராது. அதுவும் கட்டங்களாகவே பிரிக்கிறது; 20 எழுத்துக்குறிகளைக் கொண்டு, பத்து இலக்கத்தில் ஏறத்தாழ 14 மீட்டர் கட்டத்தைத் தருகிறது. மனிதர் வாசித்துச் சொல்லும் முகவரிக்கு அது நன்று. உங்கள் தேவைக்கு மூல எண்களைத் தனிப் புலங்களில் வைத்துக்கொண்டு, சரத்தைத் தேடலை விரைவாக்கும் சுட்டியாக (இண்டெக்ஸ்) மட்டும் பயன்படுத்துங்கள்.