பெண்கள் மீதான வன்முறை: தண்டனையைக் கூட்டினால் குறைந்துவிடுமா?

கருங்குயில்:
ஒரு கொடுமை செய்தியாகும் ஒவ்வொரு முறையும் "தூக்கில் போடு" என்ற குரல்தான் முதலில் எழுகிறது. நம் மனதில் இருக்கும் குற்றவாளி இருட்டுத் தெருவில் நிற்கும் அந்நியன். ஐ.நா. கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. 2023-ல் கணவன், காதலன் அல்லது குடும்பத்தார் கையால் கொல்லப்பட்ட பெண்களும் சிறுமிகளும் சுமார் 51,100 பேர். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 140. வீட்டுக்குள் கை ஓங்குகிறவன் சட்டப்பிரிவைப் பார்த்துவிட்டா ஓங்குகிறான்? அது தன் உரிமை என்று நினைக்கிறான். அந்த நினைப்பைப் பள்ளியிலேயே உடைக்க வேண்டும். அரசுப் பணத்தில் பெரும்பங்கு அங்கேதான் போக வேண்டும் என்பது என் கட்சி.

சட்டப்புள்ளி:
இன்றைக்கு ராத்திரி அடி வாங்குகிறவளிடம், "பொறும்மா, இப்போது ஐந்தாம் வகுப்பு படிக்கும் பையன்கள் வளர்ந்து வரட்டும்" என்று சொல்லப் போகிறீர்களா? நான் தூக்குத் தண்டனை கேட்கவில்லை. ஆஸ்திரியாவில் 1997-ல் வந்த சட்டத்தைப் பாருங்கள். அடித்தவனைப் போலீசே உடனடியாக வீட்டை விட்டு வெளியேற்றலாம். வழக்கு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அதற்கு முன்பு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு காப்பகம் தேடி ஓட வேண்டியவள் அவள்தான். இதை எந்தப் பாடப்புத்தகம் செய்யும்?

கருங்குயில்:
வெளியேற்றுவது சரி. ஆனால் போலீஸ் தலையிட்டாலே போதும் என்றால் அமெரிக்க அனுபவத்தையும் பாருங்கள். 1980-களின் தொடக்கத்தில் மினியாபொலிஸ் நகரில் ஒரு சோதனை நடந்தது. கைது செய்யப்பட்டவர்கள் மறுபடி அடிப்பது குறைந்ததாகத் தெரிந்ததும், பல ஊர்களில் கைது கட்டாயமானது. அப்புறம் மற்ற நகரங்களில் அதே சோதனையைச் செய்தபோது முடிவு ஊருக்கு ஊர் மாறியது. மில்வாக்கியில் வேலை இல்லாதவர்கள் கைதுக்குப் பிறகு இன்னும் அதிகமாக அடித்தார்கள். வேலை இருப்பவனுக்குக் கைது ஓர் அவமானம். இழக்க ஒன்றுமில்லாதவனுக்கு அது வெறும் ஆத்திரம்.

ஒற்றைப்பனை:
ஆண்களைப் பற்றி யாரும் பேச மாட்டீர்களா? உலகில் கொலையாகிறவர்களில் 80 சதவீதம் ஆண்கள். இதுவும் அதே ஐ.நா. கணக்குதான்.

நாடோடி:
உண்மைதான் நண்பரே. அந்தக் கணக்கின் அடுத்த வரியையும் படியுங்கள். கொல்லப்பட்ட ஆண்களில் இணையராலோ குடும்பத்தாராலோ செத்தவர்கள் சுமார் 12 சதவீதம். பெண்களில் அது 60. ஆணுக்கு ஆபத்து பெரும்பாலும் வெளியில், பெண்ணுக்குத் தன் வீட்டில். இரண்டுக்கும் ஒரே மருந்து எப்படிச் சரிவரும்?

மற்ற இருவருக்கும் ஒன்று: பள்ளி, போலீஸ் இரண்டையும் விட்டால் வேறு வழியே இல்லையா? உகாண்டாவின் கம்பாலாவில் 'சாசா' என்ற திட்டம் சில ஆண்டுகள் நடந்தது. வெளியாள் வந்து உபதேசம் செய்யவில்லை. அந்தந்தப் பகுதி ஆட்களே பயிற்சி பெற்று, அதிகாரம் கையில் இருப்பவன் அதை எப்படிப் பயன்படுத்துகிறான் என்று அக்கம்பக்கத்தில் பேச்சை எழுப்பினார்கள். 2014-ல் வந்த ஆய்வின்படி, திட்டம் நடந்த பகுதிகளில் இணையரின் உடல்ரீதியான வன்முறை மற்ற பகுதிகளைவிட 52 சதவீதம் குறைவு.

சட்டப்புள்ளி:
அந்த ஆய்வு மொத்தமே எட்டுப் பகுதிகளில்தான் நடந்தது. பிழை வரம்பு மிகப் பெரியது. அந்த 52 தற்செயலாகவும் வந்திருக்கலாம். நம்பிக்கை தரும் முயற்சிதான், மறுக்கவில்லை. ஆனால் இதை வைத்து ஒரு நாட்டின் பட்ஜெட்டைப் போட முடியாது.

நாடோடி:
சரி, தென்னாப்பிரிக்காவின் லிம்போபோவுக்கு வாருங்கள். ஏழைப் பெண்களுக்குச் சிறுகடன், கூடவே ஆண் பெண் உறவு பற்றிய பயிற்சி வகுப்பு. 2006-ல் வந்த முடிவில் இணையர் வன்முறை 55 சதவீதம் குறைந்திருந்தது. அவள் கையில் காசு இருந்தால் வீட்டில் அவள் பேச்சுக்கு எடை கூடுகிறது. அடித்தால் எங்கே போய்விடுவாள் என்ற தெம்பு அவனுக்குக் குறைகிறது.

கருங்குயில்:
அந்தப் பயிற்சி வகுப்பும் கல்விதானே? நான் கரும்பலகையை மட்டும் சொல்லவில்லை.

சட்டப்புள்ளி:
வாதத்தை நைசாக அகலமாக்கிவிட்டீர்கள், பரவாயில்லை. பள்ளிக்கே வருகிறேன். ஒரு வகுப்பில் "அடிப்பது தவறு, வெளியே சொல்லலாம்" என்று நன்றாகவே பாடம் எடுக்கிறீர்கள். மறுநாள் ஒரு சிறுமி ஆசிரியரிடம் வந்து வீட்டில் நடப்பதைச் சொல்கிறாள். அவர் யாரைக் கூப்பிடுவார்? உதவி எண்ணில் எடுக்க ஆள் வேண்டும், காப்பகத்தில் இடம் வேண்டும், விஷயம் அப்பா காதுக்கு முதலில் போகாமல் பார்த்துக்கொள்ளும் நடைமுறை வேண்டும். இதெல்லாம் இல்லாமல் பாடத்தை மட்டும் நடத்தினால் அந்தச் சிறுமியை மேலும் மாட்டிவிடுகிறீர்கள். காசு முதலில் அங்கே போகட்டும்.

கருங்குயில்:
பாடத்துக்கு முன்னால் உதவி எண்ணும் பயிற்சி பெற்ற ஆசிரியரும் தயாராக இருக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காப்பகங்கள் எல்லாம் கட்டி முடியும்வரை பாடத்தைத் தள்ளிப்போடச் சொன்னால் ஏற்க மாட்டேன். அந்தச் சிறுமி வாய் திறக்காமல் இருந்தாலும் அடி விழுந்துகொண்டுதானே இருக்கும்?

சட்டப்புள்ளி:
தள்ளிப்போடச் சொல்லவில்லை. பட்ஜெட்டில் இரண்டையும் ஒரே வரியில் எழுதச் சொல்கிறேன். தனித்தனியாக எழுதினால் முதலில் வெட்டுப்படுவது காப்பகம்தான்.