பார்த்தீனியத்தைப் பிடுங்கினோம், இரண்டு மடங்கு முளைத்திருக்கிறது. என்ன தப்பு செய்தோம்?

ஜீப்_மெக்கானிக்:
மசினகுடியில் சின்ன ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். முதுமலைக்கு வருகிறவர்கள் ஊருக்குள் நுழைந்ததும் பார்ப்பது ரோட்டோரத்துப் பார்த்தீனியத்தைத்தான். போன வருஷம் பஞ்சாயத்தில் சொல்லிவிட்டு நண்பர்கள் எட்டுப் பேர் இரண்டு ஞாயிற்றுக்கிழமை இறங்கிப் பிடுங்கினோம். இடுப்பளவுச் செடி, வெள்ளை வெள்ளையாகப் பூ. டெம்போவில் ஏற்றி ஊருக்கு வெளியே கொட்டினோம். ரோடு பளிச்சென்று இருந்தது, போட்டோவெல்லாம் எடுத்தோம். இந்தக் கோடை மழைக்கு அதே இடத்தில் பாய் விரித்த மாதிரி முளைத்திருக்கிறது. டெம்போ போன வழியெல்லாம் வேறு! ஒரு பையனுக்குக் கை முழுக்கத் தடிப்பு. மறுபடி இறங்கலாமா, இல்லை விட்டுவிடலாமா?

கோவை_டீச்சர்:
தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் பிடுங்கவில்லை, விதைத்திருக்கிறீர்கள். ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். பூத்த செடியைத் திறந்த டெம்போவில் கொண்டுபோனால் வழியெல்லாம் உதிராமல் என்ன செய்யும்?

இப்போது முளைத்திருப்பதுதான் சரியான பதம். பூ வருவதற்குள், மண் ஈரமாக இருக்கும்போதே வேரோடு இழுங்கள். பூக்காத செடியை அங்கேயே காயவிடலாம், மக்கவும் வைக்கலாம். பூத்தது கண்ணில் பட்டால் சாக்கில் போட்டுக் கட்டிவிடுங்கள். கையுறை, முழுக்கைச் சட்டை, முகத்தில் துணி, மூன்றும் கட்டாயம். தடிப்பு வந்த பையனைத் தோல் டாக்டரிடம் அனுப்புங்கள், இனி இந்த வேலைக்குக் கூப்பிடாதீர்கள். அந்த ஒவ்வாமை ஒருமுறை பிடித்தால் லேசில் விடாது.

இன்னொன்று, தரையை மொட்டையாக விடாதீர்கள். மொட்டைத் தரைதான் பார்த்தீனியத்துக்குக் கொண்டாட்டம். தகரையும் ஆவாரையும் தானாக வந்தால் வரட்டும், அவை அதை அமுக்கும். ஒரு கிலோமீட்டரை ஒரு தரம் சுத்தம் செய்வதைவிட நூறு மீட்டருக்கு நாலு தரம் போவது மேல்.

சும்மா_ஒருவன்:
காட்டுக்குள் உண்ணிச்செடி (லாண்டானா களை) மலைபோல் கிடக்கிறது. நீங்கள் ரோட்டோரம் புல் பிடுங்குகிறீர்கள். நல்ல டைம்பாஸ்.

காட்டுவாட்சர்:
ரோட்டோரம்தான் வாசல், பாஸ். வண்டியோடு வருகிற விதை முதலில் அங்கேதான் முளைக்கிறது, அப்புறம்தான் உள்ளே போகிறது.

ஆனால் மெக்கானிக் அண்ணா, ஆர்வத்தில் காட்டுக்குள் உண்ணி வெட்ட நுழைந்துவிடாதீர்கள். புலிகள் காப்பகம், அனுமதி இல்லாமல் கால் வைத்தால் கேஸ். அந்தப் புதருக்குள் கரடி படுத்திருப்பது உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அதோடு, உண்ணியை அரிவாளால் வெட்டினால் இன்னும் அடர்த்தியாகத் துளிர்க்கும். மண்ணுக்குக் கீழே நாலு விரல் இறக்கி வேரை வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்து பரவிய மஞ்சள் கொன்றை மரமும் அப்படித்தான், வெறுமனே வெட்டினால் அடிமரம் துளிர்த்துக்கொண்டே இருக்கும். பட்டை உரிக்க வேண்டும். அதற்கெல்லாம் ஆள் இருக்கிறது. 2021இல் லண்டன் பூங்காக்களில் நின்ற யானைச் சிலைகள் நம் நீலகிரிப் பழங்குடி மக்கள் உண்ணிக்குச்சியில் செய்தவைதானே.

ஒரு வேண்டுகோள்: நம் ஊர் மரமான சரக்கொன்றையின் கன்றை மஞ்சள் கொன்றை என்று நினைத்துப் பிடுங்காதீர்கள். போன மாதம் ஒரு கும்பல் அதைத்தான் செய்தது. சரக்கொன்றைக்கு இலை பெரிசு, ஒரு காம்பில் நாலைந்து ஜோடிதான் இருக்கும். மஞ்சள் கொன்றைக்குச் சின்ன இலை, பத்து ஜோடிக்கு மேல்.

ஜீப்_மெக்கானிக்:
டீச்சர், வாட்சர் அண்ணா, நன்றி. டெம்போ விஷயம் படித்ததும் வயிற்றைக் கலக்கியது.

வண்டியோடு விதை வருகிறது என்றதும் எழுந்து போய் என் ஒர்க்‌ஷாப் பின்பக்கம் பார்த்தேன். சஃபாரி ஜீப்புகளின் சக்கரச் சேறை நான் பீய்ச்சியடித்துக் கழுவுகிற தண்ணீர் அந்த ஓடையில்தான் இறங்குகிறது. இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்குப் பார்த்தீனியம், இன்னும் பூக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கப் போவதில்லை. நாளைக் காலை கடை திறப்பதற்குள் அதை முடித்துவிடுகிறேன். கழுவுகிற இடத்துக்கு ஒரு சேற்றுக்குழி வெட்ட வேண்டும். அதற்கு எவ்வளவு ஆழம் போதும் என்று யாராவது சொல்லுங்கள்.