2090இல் கிணறு வெட்ட ரீவி கிளம்பினால்? மாணவர் கதைக்கு யோசனை வேண்டும்

கொக்குவில் ரீச்சர்:
தரம் 10, 11 பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் கதைப் பட்டறை நடத்துகிறேன். இந்தமுறை அறிபுனை; தலைப்பு இலத்திரனியல் கழிவு, காலம் 2090. பதினேழு கதை வந்தது. பதினான்கில் யாழ்ப்பாணமே குப்பைமேடு, சனம் முகமூடியோடு இருமிக்கொண்டு திரிகிறது. பிழை என்னில்தான். 2022இல் மட்டும் உலகத்தில் 62 மில்லியன் தொன் சேர்ந்தது, முறையாக மீள்சுழற்சிக்குப் போனது அதில் கால்வாசிகூட இல்லை என்று முதல் நாளே சொல்லித் தொலைத்தேன்.

ஒருத்தியின் கதை மட்டும் வேறு. கிணறு வெட்ட, பழைய பெட்டி ரீவி ஒன்று கிளம்புகிறது. சுற்றி நின்று, ‘இதுக்குள்ள ஆர் இருந்தவை?’ என்று கேட்கிறார்கள். அதோடு கொப்பியைத் தந்துவிட்டாள், மேலே ஓடவில்லையாம். எப்படி நகர்த்தலாம்? உபதேசம் வேண்டாம்.

டைனமோ மாமா:
ரீச்சர், 2090க்கு ஏன் போறீங்கள், 1990க்கு வாங்கோ. யுத்தகாலம், யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை, கரண்டும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து நான் கையால் பெடலைச் சுற்ற, அப்பா டைனமோவில் வயர் கொடுத்து ரேடியோச் செய்தி கேட்பார். முக்கியமான இடத்தில்தான் எனக்குக் கை உளையும், செய்தி அமுங்கும், ஏச்சு விழும். செத்த பற்றரியை வெயிலில் காயவைத்து இன்னும் கொஞ்சம் பிழிவோம். கழிவு என்ற சொல்லே வீட்டில் இல்லை, எல்லாம் கழற்றிவைத்த சாமான்.

பிள்ளைகளுக்கு ஒரேயொரு விதி கொடுங்கோ: நாளையிலிருந்து யாழ் குடாநாட்டின் வாசலான ஆனையிறவைத் தாண்டிப் புதுச் சாமான் உள்ளே வராது, பழையது வெளியே போகாது.

கல்லுண்டாய்க் காகம்:
மாமா, வெளியே போகாதென்றால் நஞ்சும் இங்கேதானே? பெட்டி ரீவியின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. எங்கள் நிலமோ சுண்ணாம்புக் கல், மேலே ஊற்றியது கிணற்றுக்கு இறங்கக் கனநாள் எடுக்காது. செம்புக்காக ஆரோ வயர் எரிக்கிற மணம் இதை எழுதும்போதும் யன்னலால் வருகிறது. ரீச்சர், கதையிலேயே கிணறு இருக்கிறதே. அந்தத் தண்ணீரை அவர்கள் குடிப்பார்களா?

கொக்குவில் ரீச்சர்:
சரி, இரண்டையும் வகுப்பில் சொன்னேன். ‘சார்ஜர் பழுதானா என்ன செய்யிறது?’ என்று ஒரே ஆரவாரம். அப்புறம் அடங்கி எழுதினார்கள். அவள் கிணற்றை மூடிவிட்டாள். ரீவியின் செம்பை ஊர் எடுத்துக்கொள்கிறது. கண்ணாடியை எங்கே வைப்பதென்று தெரியாமல், கோயில் திருவிழா உபயம் மாதிரி மாதத்துக்கொரு வீடு முறைவைத்துக் காவல் காக்கிறது. இந்த மாதம் கதைசொல்லி வீட்டு முறை. சண்டைக்காரப் பெரியம்மா வாங்க மறுக்கிறார்!

மாமா, செம்பு உள்ளே எந்த இடத்தில் இருக்கும்? அவளுக்கு அது சரியாக வரவேண்டுமாம்.

டைனமோ மாமா:
கண்ணாடிக் குழாயின் கழுத்தைச் சுற்றி ஒரு சுருள். ஆனால் வீட்டு ரீவியைத் திறந்து பார்க்க விடாதேங்கோ, பிளக்கைக் கழற்றினாலும் ஷொக் அடிக்கும். 2090இல் பயமில்லை.