ஹைப்ரிட் எஸ்யூவியைக் கொடுத்துவிட்டுச் சின்ன பிக்கப் வாங்கலாமா?

வணக்கம். ரெண்டு மாதமாக இதையே யோசித்து மண்டை காய்ந்துவிட்டது, வைத்திருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள். என்னிடம் இருப்பது 2021 டொயோட்டா ரேவ்4 ஹைப்ரிட், வண்டி மேல் ஒரு குறையும் இல்லை. ஆனால் வாரம் தவறாமல் உரமூட்டை, பலகை, செடி என்று எதையாவது ஏற்றவேண்டியிருக்கிறது, பின்சீட்டை மடக்கி பழைய போர்வை விரித்தாலும் மண் எப்படித்தான் உள்ளே போகிறதோ. அதனால் பின்னால் திறந்த தொட்டி உள்ள சின்ன பிக்கப்பான ஃபோர்டு மேவரிக் ஹைப்ரிட் மேல் ஒரு கண்.

மைலேஜ் எனக்குக் கவலையில்லை, இது கேலனுக்கு 40 மைல், அது 37, 38. சுமையும் 1,500 பவுண்டு வரை தாங்குமாம். யோசிக்க வைப்பது வேறு. பின்தொட்டி நாலரை அடிதான், எட்டடி பலகை வைத்தால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். ஹைப்ரிடில் நாலு சக்கர இழுவை 2025 மாடலிலிருந்துதான் வருகிறது, பழைய வண்டி பார்த்தால் முன்சக்கர இழுவையோடு திருப்திப்பட வேண்டும், பனியில் அது போதுமா?

அப்புறம், பின்னோக்கி வைக்கும் குழந்தை சீட்டைப் பொருத்தினால் முன்சீட்டில் உட்காருபவருக்குக் கால் நீட்ட இடம் இருக்கிறதா? தொட்டி மூடி போட்டால் மழையில் பெட்டிகள் நனையாமல் இருக்குமா, இல்லை அது சும்மா பேருக்குத்தானா?

வீட்டில் சொல்கிற யோசனை, ஒரு சின்ன டிரெய்லர் வாங்கு, ரேவ்4 1,750 பவுண்டு இழுக்குமே என்பது. நியாயம்தான், ஆனால் டிரெய்லரை ரிவர்ஸ் எடுக்க எனக்குச் சுத்தமாக வராது. இப்படி மாற்றிவிட்டு வருத்தப்பட்டவர்கள் இருந்தால் அவர்கள் முதலில் எழுதுங்கள்.