தினமும் நாக்கு வழித்தும் பின்பக்கம் வெள்ளை போகவில்லை, என்ன செய்வது?

சிறுவாணி:
காலையில் பல் தேய்த்ததும் ஸ்டீல் டங் கிளீனரால் நாக்கு வழிக்கிறேன். நுனியும் நடுப்பகுதியும் சுத்தமாகிவிடுகின்றன. பின்பக்கம் மட்டும் வெள்ளையாகவே இருக்கிறது, அங்கே கொண்டுபோனாலே ஓங்கரிக்கிறது. அழுத்தி வழித்தால் லேசாக ரத்தம் வருகிறது. சாயங்காலம் வாய் நாற்றம் திரும்பிவிடுகிறது. அப்பா ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுக்கிறார், அவர் நாக்கிலும் வெள்ளை. அவருக்கும் வழித்தால் போதுமா?

பல்லும்_ஈறும்:
முதலில் ரத்தம். கிளீனரின் ஓரத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். எங்காவது மாட்டினால் பிசிறு இருக்கிறது, அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். பிசிறு இல்லையென்றால் அழுத்தம்தான் காரணம்.

நாக்கின் மேல்பரப்பு முழுக்க இழை இழையாகச் சிறு முனைகள் நெருக்கமாக நிற்கின்றன. அவற்றின் இடுக்கில் செத்த செல்கள், உணவுத் துணுக்கு, பாக்டீரியா எல்லாம் சேருகின்றன. காற்றுப் புகாத அடியில் இருக்கும் பாக்டீரியாக்கள் புரதத்தைச் சிதைக்கும்போது ஹைட்ரஜன் சல்பைடு போன்ற கந்தக வாயுக்கள் வருகின்றன. நாற்றம் அதுதான். முன்பகுதி பேசும்போதும் மெல்லும்போதும் அண்ணத்தில் உரசித் தானாகவே ஓரளவு சுத்தமாகிவிடும். பின்பகுதிக்கு அந்த உரசல் குறைவு. அதாவது, எங்கே வழிக்க வேண்டுமோ அந்த இடம்தான் உங்களுக்கு விட்டுப்போகிறது.

காபி குடிக்கும் முன், வெறும் வயிற்றில் செய்யுங்கள். கிளீனரை நனைத்துக்கொண்டு நாக்கை முழுசாக நீட்டுங்கள். வழுக்கினால் நுனியைச் சுத்தமான துணியால் பிடித்துக்கொள்ளலாம். மூச்சை மெதுவாக வெளியே விட்டுக்கொண்டே, பின்னாலிருந்து முன்னால் ஒரே இழுப்பு. குழாயில் அலசிவிட்டு அடுத்த இழுப்பு. மூன்று முதல் ஐந்து முறை போதும். முன்னும் பின்னுமாகத் தேய்க்கக் கூடாது, வழித்ததையே திரும்ப உள்ளே தள்ளுவதாகிவிடும். ஓங்கரிப்பு அடங்கும்வரை நடுவிலிருந்து தொடங்கி, சில நாளுக்கு ஒருமுறை அரை சென்டிமீட்டர் பின்னால் தள்ளிப் போங்கள்.

நாக்கின் மேல்பரப்பில், தொண்டையை ஒட்டிய கடைசிப் பகுதியில் ஆங்கில 'வி' வடிவில் பெரிய உருண்டைகள் வரிசையாகத் தெரியும். அவை எல்லோருக்கும் உண்டு, சுவை மொட்டுகள் இருக்கும் இடம். கட்டி என்று பயந்து சுரண்டுகிறவர்கள் நிறைய. கிளீனர் அந்த வரிசைக்குச் சற்று முன்னாலேயே நிற்கட்டும்.

மெல்லிய வெள்ளைப் படலம் ஆரோக்கியமான நாக்கிலும் இருக்கும். சிவந்து தெரியும்வரை வழிக்காதீர்கள்.

மருந்துச்சீட்டு:
அப்பா விஷயத்தில் வழிப்பதை நிறுத்திவிட்டு முதலில் பாருங்கள். ஈரத் துணியால் மெல்லத் துடைத்தால் தயிர்த் திட்டு மாதிரி உரிந்து வந்து, அடியில் சிவந்து எரிகிறதா? அப்படியானால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்க வாய்ப்பு அதிகம். ஸ்டீராய்டு மருந்து வாயில் தங்குவதால் வருவது. அதை வழித்தால் புண்தான் ஆகும். டாக்டர் பார்த்துப் பூஞ்சைக்கான மருந்து தர வேண்டும். அதற்காக இன்ஹேலரைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது.

திரும்ப வராமல் இருக்க, ஒவ்வொரு முறை இழுத்த பிறகும் தண்ணீரால் வாய் கொப்பளித்து, தொண்டை வரை கார்கிள் செய்து, துப்பிவிட வேண்டும். அமுக்கி இழுக்கும் வகை இன்ஹேலர் என்றால் ஸ்பேசர் (இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே மாட்டும் குழாய்) போட்டுக்கொண்டால் வாயில் படிவது நன்றாகக் குறையும். பல்செட் இருந்தால் இரவில் கழற்றிவிடணும். சர்க்கரையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அவருடைய கிளீனர் அவருக்கு மட்டும்.

துடைத்தும் வராத வெள்ளைத் திட்டு, இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், தடிப்பு, இவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாமல் பல் டாக்டரிடம் காட்டுங்கள். வெற்றிலை, புகையிலை, பான் மசாலா போடுகிறவர் என்றால் இன்னும் சீக்கிரம்.

கிணற்றடி:
சாயங்கால நாற்றத்துக்கு வாய் வறட்சியைப் பாருங்கள். எச்சில் குறைந்தால் படிவு வேகமாக ஏறும். வாயால் மூச்சு விடுவது, செட்ரிசின் போன்ற அலர்ஜி மாத்திரைகள், தண்ணீர் குடிக்காமல் காபியாகக் குடிப்பது, எல்லாம் வறட்டும். நாக்கு சுத்தமாக இருந்தும் நாறினால் ஈறும் பல்லிடுக்கும்தான் அடுத்து.

குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷை டாக்டர் சொன்ன நாளுக்கு மேல் நீட்டாதீர்கள். பல்லும் நாக்கும் பழுப்பாகும், ருசியும் மாறும். உப்பு, சோடா மாவு போட்டு நாக்கைத் தேய்ப்பதும் வேண்டாம்.

சிறுவாணி:
நன்றி. அப்பாவை இந்த வாரமே கூட்டிப்போகிறேன். ஸ்டீலுக்குப் பதில் செம்பு வாங்கலாமா? பிரஷ்ஷின் முதுகில் இருக்கும் சொரசொரப்பு போதுமா?

பல்லும்_ஈறும்:
எந்த உலோகம் என்பதைவிட ஓரம் மழுங்கலாக இருக்கிறதா என்பதுதான் முக்கியம். செம்பு கறுக்கும், புளி போட்டுத் தேய்த்து நன்றாகக் கழுவிவைக்க வேண்டும். அதற்குச் சோம்பல் என்றால் ஸ்டீலே இருக்கட்டும். வேப்பங்குச்சியைப் பிளந்து வழிப்பவர்கள் சிலாம்பு இல்லாமல் பார்த்துக்கொள்ளணும். பிரஷ் முதுகு அவசரத்துக்கு ஆகும். ஆனால் அதன் தடிமன் அண்ணத்தில் இடிக்கும், உங்களுக்கு ஓங்கரிப்பு கூடும்.